லாய்ட் மச்சானின் ஒரே சாமர்த்தியம்

என் அக்கா நிம்மியின் வீட்டுக்காரர் லாய்ட் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை அவர் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன், அவரும் மறுத்ததில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு பன்னிமண்டபம் பஸ் ஸ்டாப் வரை வந்தபிறகு, பூட்டினோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் அவர். கேஸை மூடிவிட்டேன் என்று அக்கா சொன்னால் போதாது, தானே போய் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். எதிரே போக்குவரத்துப் போலீஸ்காரர் நின்றால், ஹெல்மெட், லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் இருந்தும் ஸ்கூட்டரிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். "மச்சான், தள்ளிட்டுப் போனாத்தான் சந்தேகப்பட்டு நிறுத்துவாங்க" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாயிற்று.

அவருடைய அப்பா கோலார் தங்கவயலிலிருந்து மைசூருக்கு வந்து ஒரு மில்லில் டைம்கீப்பராக இருந்தவர். லாய்ட் மாலைக் கல்லூரியில் பி.காம். படித்தார், இருபத்தாறு வயதில் ஒரு கான்வென்ட் பள்ளி அலுவலகத்தில் ஃபீஸ் கவுன்டரில் உட்கார்ந்தார், முப்பத்தொரு வருஷமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் பணம் ஒரு ரூபாய் கூடவோ குறையவோ இருந்ததில்லை. திறமை என்று மற்றவர்கள் சொல்வார்கள். பயம் என்று நான் சொல்வேன். ராத்திரி தூக்கம் வராதே என்ற பயத்தில் எல்லாவற்றையும் மூன்று தடவை எண்ணுவார், அவ்வளவுதான்.

அந்தப் பயத்தால்தான் எங்கள் சர்ச் பங்கில் இருக்கிற டீச்சர்களும் நர்ஸ்களும் பென்ஷன்காரர்களும் அவரை நம்பினார்கள். ஒவ்வொரு ஜூலையும் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜை முழுக்க அவர்களுடைய காகிதங்கள் கிடக்கும். நாற்பது பேருக்கு மேல் அவர் வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தார். காசு வாங்க மாட்டார். கிறிஸ்துமஸுக்கு யாராவது ஒரு பிளம் கேக் கொடுத்தால், அதுவும் கிலோவுக்கு மேல் இருந்தால், வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பார்.

அந்த நாற்பது பேரில் பாதிப் பேருக்கு ஈமெயில் கிடையாது. இருப்பவர்களுக்குப் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்காது. அதனால் வரித் துறையின் இணையதளத்தில் எல்லோருக்கும் தன் ஈமெயிலையும் தன் ஃபோன் நம்பரையுமே பதிந்து வைத்திருந்தார். யாருக்கு என்ன கடிதம் வந்தாலும் முதலில் அவருக்குத்தான் வரும். நல்ல சேதியாக இருந்தவரை இதில் ஒரு சங்கடமும் இருக்கவில்லை.

இரண்டாயிரத்து இருபத்துமூன்று ஜூலையில் நான்தான் வம்பை ஆரம்பித்தேன். எனக்கு ஒரு மோட்டார் ஸ்பேர்ஸ் கடை. மாடியைப் பதினைந்தாயிரத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். என் ரிட்டர்னையும் அவர்தான் போடுவார். வரியைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல்.

"கட்டச் சொல்றதுக்கு நீங்க எதுக்கு மச்சான்? நிஜமான ஆடிட்டர்னா மிச்சம் பண்ணிக் குடுப்பான். உங்களுக்கு எல்லாத்துக்கும் பயம்."

அக்காவும் பக்கத்தில் இருந்தாள், சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் அவரைக் குத்தியிருக்க வேண்டும். அடுத்த வாரம் ஃபோனில் ஒரு கன்னட வீடியோவைக் காட்டினார். சிறு வியாபாரிகளுக்கு ஒரு சலுகை உண்டு: நூறு ரூபாய் வரவில் எட்டு ரூபாயை லாபமாகக் காட்டி அதற்கு மட்டும் வரி கட்டினால் போதும். வாடகையையும் அதிலேயே காட்டலாம் என்று அந்த வீடியோவில் ஒரு பையன் அடித்துச் சொன்னான். காட்டக் கூடாது. வாடகை என்றால் நூற்றுக்கு முப்பது கழித்துவிட்டு மீதி எழுபதுக்கும் வரி உண்டு. லாய்டுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்தும், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, அவர் தைரியமாக இருக்க ஆசைப்பட்டார். வாடகை வருகிற பதினோரு பேருக்கு அதை வியாபாரம் என்று போட்டார். எனக்கு இருபத்துமூவாயிரம் மிச்சமானது. நான் அவரைக் கட்டிக்கொண்டு மட்டன் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

அந்தப் பதினோரு பேரில் மரியபுஷ்பம் அக்காவும் ஒருவர். அறுபத்தெட்டு வயது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். புருஷன் எட்வர்ட் இறந்து ஆறு வருஷம். மேட்டகள்ளியில் சொந்த வீடு. மாடியில் நர்சிங் படிக்கிற இரண்டு பெண்கள் ஒன்பதாயிரம் வாடகைக்கு இருந்தார்கள். எட்வர்ட் அண்ணன் எப்போதோ விஜயநகரில் வாங்கிப் போட்ட ஒரு இடத்தை முந்தின வருஷம் அக்டோபரில் புஷ்பம் அக்கா விற்றிருந்தார். வந்த பணம் மகள் ஜெனிஃபரின் வீட்டுக் கடனுக்குப் போயிற்று, வரி நாலு லட்சத்து இருபதாயிரம் ஜூலையில் கட்டியாயிற்று, மிஞ்சியது நாற்பதாயிரம். அது இடது கண்ணில் புரை எடுக்க. ஜனவரி எட்டாம் தேதி ஆபரேஷன் என்று நாள் குறித்திருந்தார்கள். வலது கண்ணிலும் பார்வை அவ்வளவாக இல்லை.

இவ்வளவு வரி வருகிறவர்கள் அதை வருஷத்துக்குள்ளேயே தவணை தவணையாக முன்கூட்டிக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மாதத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. அறுபது வயது தாண்டியவர்களுக்கு மட்டும் இந்தக் கட்டாயம் கிடையாது, கடைசியில் மொத்தமாகக் கட்டலாம். ரிட்டர்ன் போடும்போது கம்ப்யூட்டர் தானாக வட்டியைச் சேர்த்தது. "இந்தம்மாவுக்கு அறுபத்தெட்டு வயசுன்னு இதுக்குத் தெரியல" என்று சொல்லி லாய்ட் அதை அழித்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கம்ப்யூட்டருக்கு வயது தெரிந்திருந்தது. அந்தச் சலுகை வியாபார வருமானம் இல்லாத முதியவர்களுக்குத்தான் என்பதும் தெரிந்திருந்தது. புஷ்பம் அக்காவை வியாபாரி ஆக்கியது லாய்ட்தான்.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி பள்ளியில் மதிய இடைவேளையின்போது அவர் ஃபோனுக்கு மெயில் வந்தது. புஷ்பம் அக்காவின் பெயரில் பாக்கி முப்பத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது ரூபாய். முப்பது நாளுக்குள் கட்ட வேண்டும். தவறினால் அதற்கும் மாதம் நூற்றுக்கு ஒன்று. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாராம். உடம்பு சரியில்லையா என்று நிம்மி அக்கா கேட்டதற்கு ஆமாம் என்றாராம்.

எட்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. இருபதாம் தேதி என் கடைக்கு வந்து, வாடிக்கையாளர் போகும்வரை காத்திருந்து, ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார். நிம்மி அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து விரித்தார்.

அக்டோபரில் இடம் விற்றதால் டிசம்பர் தவணைக்குள் வரியில் முக்கால் பங்கு கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை, மூன்று மாத வட்டி ஒன்பதாயிரத்து நானூற்று ஐம்பது. மார்ச்சுக்குள் முழுவதும் கட்டியிருக்க வேண்டும். அதற்கு ஒரு மாதம், நாலாயிரத்து இருநூறு. ஏப்ரலிலிருந்து, ஜூலையில் பணம் கட்டியதுவரை நாலு மாதம், பதினாறாயிரத்து எண்ணூறு. இதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. கட்டின பணத்தை வரித் துறைக்காரர்கள் முதலில் வட்டிக்குத்தான் வரவு வைப்பார்கள், மிச்சம்தான் வரிக்கு. அதனால் வரியில் முப்பதாயிரத்துச் சொச்சம் குறைந்துபோய், அதற்கு டிசம்பர்வரை இன்னும் ஐந்து மாத வட்டி, ஆயிரத்து ஐந்நூற்று இருபது.

"கணக்குல தப்பு இல்ல ரோனி. நாலு வாட்டி போட்டுப் பார்த்துட்டேன்."

"அப்ப கட்ட வேண்டியதுதானே?"

"கட்ட வேண்டிய வட்டியே இல்லடா இது. வாடகைய வாடகைன்னு போட்டிருந்தா அவங்க முன்கூட்டிக் கட்டவே தேவையில்ல. மூவாயிரத்து ஐந்நூறு ரூபா அதிகமா வரி வந்திருக்கும், அவ்ளோதான். அந்த மூவாயிரத்து ஐந்நூற மிச்சம் பண்ணப் போயி முப்பத்திரண்டாயிரத்த அவங்க தலையில கட்டிட்டேன்."

தளத்தில் இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன என்றார். பாக்கி சரிதான் என்பது ஒன்று, ஏற்கவில்லை என்பது இன்னொன்று. ஏற்கவில்லை என்று சொன்னால் காரணம் எழுத வேண்டும். காரணம் என்று எழுத அவர் செய்த தப்பைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் நாமாகவே திருத்திய ரிட்டர்ன் போட்டுவிட்டால் வட்டி போய்விடும். அந்தத் தேதி தாண்டினால் கூடுதலாக வரி கட்டத்தான் வழி உண்டு, கட்டியதைக் குறைக்க இந்த வழி மூடிவிடும்; பிறகு அப்பீல், மனு என்று வருஷக்கணக்கில் அலைய வேண்டும். திருத்தியதைப் புஷ்பம் அக்காவுக்குத் தெரியாமல் அனுப்பவும் முடியாது. கையெழுத்துக்குப் பதிலாக ஆதாரோடு சேர்ந்த ஃபோனுக்கு ஓர் ஆறு இலக்க ஓ.டி.பி. வரும். அந்த ஃபோன் புஷ்பம் அக்காவிடம் இருந்தது.

"அவங்ககிட்ட சொன்னா மத்தவங்ககிட்டயும் சொல்லணும். பதினோரு பேரு. உன்னோடதும் இருக்கு."

அதுவரை எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. இந்தக் கடைசி வார்த்தையில் அது போய்விட்டது. இருபத்துமூவாயிரம், அதற்கு வட்டி, அபராதம் வேறு போட்டால் எவ்வளவு என்று மனம் தானாகப் போட ஆரம்பித்தது. ஒரு கோப்பைத் திறந்தால் அவர்கள் கடையின் கணக்கு முழுவதையும் கேட்கலாம். கடையின் கணக்கில் நான் எல்லாவற்றையும் காட்டியிருந்தேன் என்று சத்தியம் செய்ய முடியாது.

அதனால் நான் சொன்ன யோசனை இது. "சும்னே எதுக்கு மச்சான் ஊரக் கூட்டறீங்க? ஆளுக்குப் பாதி போட்டு அந்தப் பணத்தக் கட்டிடுவோம். புஷ்பம் அக்காவுக்குத் தெரியவே வேணாம். கண்ணும் நல்லா ஆயிடும்."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "உனக்கும் பயமா இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன்.

அதன் பிறகு ஒரு வாரம் எப்படிப் போயிற்று என்று நிம்மி அக்கா சொல்லக் கேட்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு ரோஸ் குக்கி சுடும்போது எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றபடியே கண் கலங்கினாராம். ஃபோன் அடித்தால் குளியலறைக்குள் போய்விடுவாராம். கிறிஸ்துமஸ் பூசையில் இரண்டு வரிசை முன்னால் புஷ்பம் அக்கா உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, நன்மை அப்பம் வாங்கப் பீடத்துக்குப் போகாமலே இடத்தில் இருந்துவிட்டார். அந்தத் தளத்தை அவர் மறுபடி திறக்கவே இல்லை. திறந்தால் இன்னும் ஏதாவது வந்திருக்கும் என்ற பயம். நானும் அந்த நாட்களில் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் என்னைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை.

இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் கூப்பிட்டார். "நாளைக்குக் காலைல புஷ்பம் அக்கா வீட்டுக்குப் போறேன். லேப்டாப் கொண்டு போறேன். நீயும் வா. தனியாப் போனா பாதி வழில திரும்பிடுவேன்."

போனேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டேன். என் பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொள்ளப் போனேன் என்பதுதான் உண்மை.

மேட்டகள்ளி திரும்பும் இடத்தில் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். லாய்ட் ஸ்கூட்டரிலிருந்து இறங்கவில்லை, நேராக ஓட்டிக்கொண்டு போனார். போலீஸ் நின்றதையே அவர் கவனிக்கவில்லை என்று அப்புறம்தான் புரிந்தது.

புஷ்பம் அக்கா வாசலிலேயே எங்களைக் கண்டுகொண்டார், உருவத்தை வைத்து. உள்ளே கிறிஸ்துமஸ் குடிலின் கலர் பல்புகள் பகலிலும் எரிந்துகொண்டிருந்தன. காபி வந்தது. லாய்ட் டம்ளரைத் தொடவில்லை. லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிக்கிறமாதிரி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார். வீடியோ, வாடகை, அழித்த வட்டி, பன்னிரண்டாம் தேதி மெயில். "பதினேழு நாளா உங்ககிட்ட சொல்லாம வெச்சிருந்தேன் அக்கா. என் தப்புதான். பயந்துட்டேன்."

புஷ்பம் அக்கா எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு கவரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். அதே பாக்கியைப் பற்றிய கடிதம், தபாலில் வந்தது. அதோடு குண்டூசியால் குத்தி ஒரு பேங்க் ரசீது. தேதி டிசம்பர் இருபத்திரண்டு. தொகை முப்பத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது.

"மாடிப் பொண்ணு படிச்சுச் சொன்னா. வரி ஆபீசுக்குப் போயிக் கேட்டேன். அங்க கவுன்டர்ல ஒரு பையன், மரியாதையாத்தான் பேசினான். ஏத்துக்கலைன்னா காரணம் எழுதணும்மா, ரிட்டர்ன் போட்டவர ஒரு தடவ கூட்டிட்டு வாங்கன்னான்." அவர் லாய்டின் பக்கம் திரும்பினார். "நீ அங்க வந்து நிக்கறத நெனச்சுப் பார்த்தேன். முப்பது வருஷம் ஆஸ்பத்திரில இருந்தவ நான். ஊசியப் பார்க்கறதுக்கு முன்னாலயே விழற ஆளுங்கள எனக்குத் தெரியும். போனா போகுதுன்னு கட்டிட்டேன்."

"அக்கா, ஆபரேஷன்?" என்றார் லாய்ட்.

"ஜூன்ல பார்த்துக்கலாம்னு சொல்லிட்டேன். ஒரு கண்ணு கொஞ்சம் தெரியுதே. ஆய்த்து, முடிஞ்சது, விடு லாய்ட்."

லாய்ட் அழுதார். சத்தம் இல்லாமல், கண்ணாடியைக் கழற்றாமல், மடியில் பையைப் பிடித்தபடி. கட்ட வேண்டாத வட்டியை ஒரு கிழவி கண்ணைப் பணயம் வைத்துக் கட்டியிருக்கிறார், இந்த மனிதர் பயந்துவிடக் கூடாதே என்று. இவரோ அவரிடம் சொல்லப் பயந்து பதினேழு நாளை வீணாக்கியிருக்கிறார். முதல் நாளே வந்து சொல்லியிருந்தால் அவர் பணம் கட்டவும் ஆபரேஷனைத் தள்ளவும் தேவைப்பட்டிருக்காது. எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. என்மேல் வந்திருக்க வேண்டிய ஆத்திரம் அது.

பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தார். வாடகையை வாடகை என்று போட்டார். வியாபாரம் என்ற கட்டத்தில் பூஜ்யம் வைத்தார். வட்டிக் கட்டங்கள் காலியாயின. மூவாயிரத்து ஐந்நூறு போக மீதிப் பணம் திரும்ப வர வேண்டும் என்று கணக்குக் காட்டியது. எப்போது வரும் என்று புஷ்பம் அக்கா கேட்டார். சில மாதம் ஆகலாம், கேள்வியும் கேட்கலாம், கேட்டால் நானே வந்து பதில் சொல்கிறேன் என்றார் லாய்ட். அதைச் சொல்லும்போது அவர் முகம் வெளுத்திருந்தது, ஆனால் சொன்னார்.

ஃபோன் கிணுங்கியது. புஷ்பம் அக்கா அதை வலது கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் ஆறு எண்ணையும் வாசித்தார். தப்பு என்றது தளம். மறுபடி வந்தது, மறுபடி வாசித்தார். எட்டை மூன்று என்று சொல்லியிருந்தார். மூன்றாவது முறை ஃபோனையே லாய்டின் கையில் கொடுத்துவிட்டார். அவர் எண்களை ஒவ்வொன்றாக அடித்து, மூன்று தடவை சரிபார்த்து, அனுப்பினார்.

வேலை முடிந்தது என்று நான் எழுந்தேன். கடையைத் திறக்க வேண்டும் என்று சொல்லவும் சொன்னேன்.

"இரு ரோனி," என்றார் புஷ்பம் அக்கா. லாய்டைப் பார்த்துக் கேட்டார்: "இந்த மாதிரி மத்தவங்களுக்கும் போட்டிருக்கியா?"

லாய்ட் தலையாட்டினார்.

"இன்னிக்கு இருபத்தொம்போது. இன்னும் ரெண்டு நாள் இருக்கு. ஒவ்வொரு வீடாப் போயிடலாம், நானும் வர்றேன். கிழவி கூட வந்தா யாரும் உன்னத் திட்ட மாட்டாங்க. என்னயும் சேர்த்து மொத்தம் எத்தன பேரு?"

லாய்ட் என் பக்கம் திரும்பவில்லை. லேப்டாப் மூடியைத் தடவிக்கொண்டே இருந்தார். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவைகூட எண்ணிக்கையில் தவறாத மனிதர்.

"பத்துப் பேரு, அக்கா," என்றார்.

புஷ்பம் அக்கா செருப்பைத் தேட உள்ளே திரும்பினார். வாசல் திறந்துதான் இருந்தது. வரும்போது லாய்ட் என்னிடம் கொடுத்திருந்த ஸ்கூட்டர் சாவி என் கையில் இருந்தது. கடையின் பில் புத்தகங்கள், அபராதம், கவுன்டரில் போய் நிற்பது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மனசில் வந்தது. லாய்ட் மச்சான் இத்தனை வருஷமும் இந்தப் பயத்தை வைத்துக்கொண்டுதான் நடமாடியிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

"பதினொண்ணு, அக்கா," என்றேன். "கடை மாடி வாடகை, மாசம் பதினஞ்சாயிரம். அது என்னோடது."

உள்ளே இருந்த அவருக்குக் கேட்கவில்லை. அதனால் இன்னொரு தடவை சொன்னேன்.